எது நின்றது?

அந்த வருடம் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் குளிர்சாதனப் பெட்டி அடிக்கடி திறந்து கிடந்தது. திறப்பது அம்மா. எதையும் எடுக்கமாட்டார். உள்ளே முகத்தை நீட்டிக்கொண்டு சற்று நேரம் நிற்பார், பிறகு மூடுவார். நான் முட்டைகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.

"உள்ளுக்கு ஆரோட கதைக்கிறீர்?" என்று அப்பா பகிடியாகக் கேட்டார். எப்போதும் திருப்பிக் கொடுக்கிற அம்மா, அன்று அழுதார். எனக்குப் பத்து வயது, கடைசிப் பிள்ளை. அம்மாவுக்கு ஏதோ பெரிய வருத்தம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்த பெரியம்மாவிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். குசினியில் இருவரும் குசுகுசுத்தார்கள்.

"நிண்டிட்டுதோ?"

"ஓம் அக்கா, தையோட."

"அப்ப இது அந்தச் சூடுதான். எனக்கும் இரண்டு வருசம் எரிஞ்சுதான் அடங்கினது. தேத்தண்ணியை ஆறவிட்டுக் குடி. இந்த நைலெக்ஸ் சீலையை எறிஞ்சுபோட்டுப் பருத்தி உடு. இதையும் கையில வைச்சிரு." யாழ்ப்பாணத்துப் பனையோலை விசிறி ஒன்றைக் கொடுத்தார்.

"என்ன நிண்டது, பெரியம்மா?"

"மழையடா. போய் விளையாடு!"

வெளியே போய்ப் பார்த்தேன். முற்றம் காய்ந்து கிடந்தது. கூரையிலும் ஈரமில்லை.

திரும்பும்போது காலி வீதி என்கிற பெருந்தெருவில் சிப்பாய்கள் எங்கள் பஸ்ஸை மறித்தார்கள். போர்க்காலத்தில் மறிப்பது வழக்கம், அடையாள அட்டையை நீட்டுவதும் வழக்கம். ஆனால் அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு வியர்த்தது. முகம் சிவந்து, கழுத்து வழியே ஒழுகியது. ஒரு சிப்பாய் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததைப் பார்த்தான், விசிறியைப் பார்த்தான், வியர்வையைப் பார்த்தான். இறங்கச் சொன்னான்.

இறக்கப்பட்டவர்கள் நான்கு பேர். மூன்று பேர் திரும்பி ஏறிவிட்டார்கள். சாரதி இயந்திரத்தை முடுக்கினான். அம்மா என் ஜன்னலுக்கு நேர் கீழே, மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், நரைத்த தலையுள்ள ஒரு பொலிஸ்காரியின் முன்னால் நின்றார். எதற்கு இப்படி வியர்க்கிறது என்று அவள் சிங்களத்தில் அதட்டினாள்.

அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார்: "நத்தர உனா."

நின்றுவிட்டது என்று அர்த்தம்; பஸ் நின்றால் கண்டக்டர் சொல்கிற சொல். பஸ் நின்றது அவளுக்குத் தெரியாதா? அவர்கள்தானே நிறுத்தினார்கள்!

பொலிஸ்காரி அம்மாவை உற்றுப் பார்த்தாள். பிறகு, "மட்டத்," என்றாள். எனக்கும்தான் என்று அர்த்தம். அவளுக்கும் எந்த பஸ் நின்றது? விசிறியை வாங்கி முதலில் அம்மாவுக்கு விசிறினாள். பிறகு தன் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுத் தனக்கும் விசிறிக்கொண்டாள். இருவரும் சிரித்தார்கள். அம்மா விசிறியை அவளிடமே விட்டுவிட்டு வந்து ஏறினார்.

"அவவுக்கு என்னம்மா சொன்னனீங்கள்?"

"வாயைப் பொத்திக்கொண்டு இரு."

பம்பலப்பிட்டியில் மறுபடி மறித்தார்கள். இம்முறை அம்மாவை இறங்க விடக்கூடாது. சிப்பாய் எங்கள் இருக்கைக்கு வந்ததும், அவன் வாயைத் திறக்குமுன் நான் உரத்துச் சொன்னேன்: "நத்தர உனா!"

ஓம், நான்தான் நிறுத்தினேன், அதற்கென்ன என்று அவன் சிங்களத்தில் முறைத்தான். அம்மா என் தொடையைக் கிள்ளினார். பிறகு சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, வியர்க்க வியர்க்கச் சிரித்தார்.

அந்தச் சொல் ஆண்களிடம் பலிக்காது என்பது மட்டும் அன்று எனக்கு விளங்கியது.