முயல்தோல் தொப்பி

மாமா மொஸ்கோவில் படித்த எஞ்சினியர். அங்கே முதலாளியும் இல்லை, ஏழையும் இல்லை, எல்லாரும் சமம் என்பதை, நாங்கள் குடியேறிய வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்றுக்கு வந்த ஒருவரையும் விடாமல் சொல்லிவிடுவார். எனக்கு ஒன்பது வயது. சமத்துவத்தை விட, அங்கிருந்து அவர் வாங்கிவந்து எனக்குத் தந்த முயல்தோல் தொப்பிதான் எனக்குப் பெரிது. அதன் கதையையும் அவர்தான் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிறு மத்தியானம், மொஸ்கோவில் மாமாவோடு ஒரே அறையில் இருந்து படித்தவர் வந்தார். இங்கே சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவுகிறார் என்று அம்மா சொல்லியிருந்தார். கதிரை நுனியில்தான் இருந்தார். அம்மா வைத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"தொழிலாளிக்குப் பாண் வாங்க வரிசை, கட்சிப் பெரியாக்களுக்குத் தனிக் கடை எண்டு பகிடியாச் சொன்னன், மச்சான். நீ அதைச் சதி எண்டு எழுதிக் குடுத்தாய். கடைசி வருஷத்திலை என்னைத் திருப்பி அனுப்பினவங்கள். இப்ப அந்த நாடே இல்லை. அது பொய் எண்டு ஒரு கடிதம் தா. என்ரை பரீட்சைப் புள்ளியளை அங்கையிருந்து எடுத்து இஞ்சை படிப்பை முடிச்சிடுவன்."

மாமா ஜன்னலைப் பார்த்தார். "கட்சி எழுதினது. நான் கையெழுத்துத்தான் வைச்சனான். அப்பிடி ஒரு தனிக் கடையும் அங்கை இருக்கேல்லை."

சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை நான். மாமா மறந்துவிட்டார் என்று எண்ணி, தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

"இருந்தது மாமா. இது அந்தக் கடையிலைதானே வாங்கினது? எல்லாரையும் உள்ளை விடமாட்டினமாம், அங்கிள். மாமாவுக்கு அட்டை குடுத்தவையாம்."

"எப்ப குடுத்தவையாம், பிள்ளை?"

"கடைசி வருஷம்."

அவர் தொப்பியை வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு என் தலையில் வைத்து, காதுமூடிகளின் நாடாவை நாடிக்குக் கீழே பதமாகக் கட்டிவிட்டார். மாமாவுக்கு அப்படிக் கட்ட வராது. வந்தவர் எழும்பிப் போய்ச் சப்பாத்தைப் போட்டார். மாமா ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. அந்த முதுகை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு என் கவலை வேறு. கேட்டு வந்ததை மறந்துவிட்டுப் போகிறாரே என்று தொப்பியோடேயே லிஃப்ட் வரை ஓடினேன்.

"அங்கிள், கடிதம் வாங்கேல்லை."

"கிடைச்சிட்டுது, பிள்ளை" என்றார்.

லிஃப்ட் கதவு மூடியது. அவர் கையில் ஒன்றும் இருக்கவில்லை. மாமா எந்நேரம் எழுதிக் கொடுத்தார் என்று யோசித்தபடியே வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.