டேங்கர் உபதேசியார்

சபையின் வெள்ளிவிழா மலருக்கு ஞானாயுதம் அண்ணாச்சியைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். வட எமிரேட்ஸில் ஊழியத்தின் விளக்கை அணையாமல் காத்தவர் என்று ஆரம்பித்து, படிக்கிறவர்கள் தலையாட்டும்படி முடித்திருந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் அதில் இல்லை. அதை இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்ட நினைக்கிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

அண்ணாச்சிக்கு ஊர் சாயர்புரத்துக்குப் பக்கம். எழுபத்தெட்டில் ராசல்கைமாவுக்கு வந்து தண்ணீர் டேங்கர் ஓட்டினார். கேம்ப் கேம்ப்பாகப் போய் நல்ல தண்ணீர் இறக்கிவிட்டு வருவது வேலை. நான் அதே கம்பெனியில் டைம்கீப்பர். யார் எந்த வண்டியில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தினமும் டூட்டி ஷீட் எழுதுவேன். அண்ணாச்சியைவிட எனக்குப் பன்னிரண்டு வயது குறைவு. ஆனால் வாயில் நான்தான் மூத்தவன்.

துபாயில் போதகர் இருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அந்த ஒரே ஐயர் அபுதாபியையும் அல் ஐனையும் ஷார்ஜாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உம் அல் குவைனைத் தாண்டி வடக்கே வந்தால் மலையும் உப்புத் தரையும்தான். நடுநடுவே ஒரு கல்குவாரி கேம்ப், ரோடு போடுகிற கேம்ப், திக்தாகா பக்கம் சில தோட்டங்கள், மலைக்கு அந்தப் பக்கம் திப்பா. ஓர் இடத்தில் ஆறு பேர், இன்னோர் இடத்தில் நாலு பேர். பதினோரு இடத்து ஆட்களையும் ஒன்றாக நிறுத்தினாலும் எழுபதைத் தாண்டாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஐயர் வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளுக்கெல்லாம் ஐயருக்குப் பதிலாக ஆராதனை நடத்துகிற உபதேசியார் அண்ணாச்சிதான். யாரும் அவரை நியமிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டூட்டி என்றால் எந்த டிரைவரும் முகத்தைச் சுளிப்பான். அண்ணாச்சி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு மற்றவர்களுக்கு லீவு, கேம்ப்பில் ஆள் இருக்கும். டேங்கரை நிறுத்தி, ஓஸ் குழாயைத் தொட்டியில் போட்டு மோட்டாரைத் தட்டிவிட்டால், தண்ணீர் இறங்கி முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம்தான் ஆராதனை. பாட்டு, ஜெபம், வேதபாடம், பிரசங்கம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். மோட்டார் சத்தம் மாறியதும் பிரசங்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு, "தண்ணி இறங்கிட்டு, எந்திரிங்க" என்பார். எல்லோரும் எழுந்து நின்று ஆசீர்வாதம் வாங்குவார்கள். இவ்வளவு சுருக்கமாகப் பிரசங்கம் முடித்தவர் எங்கள் திருமண்டலத்திலேயே கிடையாது என்று நான் கேலி செய்வேன்.

திக்தாகாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பம்ப் ஓட்டுகிறவன் ஒருத்தன் மட்டும் இருந்தான். அந்த ஒற்றை ஆளுக்கும் முழு ஆராதனை உண்டு. ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். அண்ணாச்சி எழுந்து நின்று, "சபையாருக்கு அறிவிப்பு" என்று வாசித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

திரும்பி வரும்போது, "ஒருத்தனுக்காக எதுக்கு அண்ணாச்சி அம்பது மைல் சுத்துதீய?" என்றேன்.

"அவன் வாயத் தெறந்து தமிழ் பேசி ஒம்பது நாளாச்சாம் தம்பி. நான் போகலேன்னா இன்னும் ஒம்பது நாளாகும்" என்றார்.

எண்பத்து நாலு கடைசியில் குவாரி கேம்ப்பில் கூடுகிற எங்கள் கூட்டத்துக்குச் சிவமலர் வர ஆரம்பித்தாள். இலங்கையில் அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பெண். ராசல்கைமாவில் ஒரு வீட்டில் வேலை. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வெளியே விடுவார்கள். கல்குவாரியில் மெஷின் ஓட்டுகிற செல்லத்துரை எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. கட்டிக்கொள்கிறோம் என்று அண்ணாச்சியிடம் வந்து நின்றார்கள்.

ஊரில் கோயிலில் மூன்று வாரம் ஓலை வாசித்த பிறகுதான் கல்யாணம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல ஆள் இருந்தால் சொல்லலாம் என்று சபைக்கு அறிவிப்பதுதான் ஓலை. அண்ணாச்சி மூன்று வாரமும் தண்ணீர் இறக்கப் போன இடமெல்லாம், பதினோரு கேம்ப்பிலும் ஓலை வாசித்தார். தோட்டத்து ஒற்றை ஆளிடமும் தடை உண்டா என்று கேட்டார். எண்பத்தைந்து பிப்ரவரியில் நாள் குறித்தாயிற்று. ஐயரும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் மழை. மலையிலிருந்து வெள்ளம் இறங்கி, துபாயிலிருந்து வருகிற ரோட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஐயர் வர முடியாது என்று ஆபீஸ் போனில் தகவல் வந்தது. குவாரி கேம்ப் மெஸ்ஸில் பிரியாணி தயார். சிவமலர் யாரோ இரவல் கொடுத்த பட்டுப் புடவையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து மணிக்குள் அவள் வீடு திரும்ப வேண்டும். இன்னொரு மதியம் இப்படிக் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது.

"நீங்களே கட்டி வைங்க அண்ணாச்சி" என்று முதலில் சொன்னவன் நான். "ஊர்ல உபதேசியார் நடத்துனா ஐயரு பொறவு வந்து ரிஜிஸ்டர்ல எழுதிக்கிடுவாருல்லா? இதுவும் அப்பிடித்தான்."

அவர் யோசித்தார். "அது ஊரு தம்பி" என்றார்.

"கடவுள் எங்கயும் ஒண்ணுதான?" என்றேன். மடக்கிவிட்டதாக எனக்குப் பெருமை. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வேதப் புத்தகத்தைத் திறந்தார். தாலி கட்டி முடித்ததும் ஒரு வெள்ளைத் தாளில் தேதி போட்டு இருவர் பெயரையும் எழுதினார். ஐயர் வந்ததும் நானும் தியாகராசா மாஸ்டரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு. மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், துறைமுக ஆபீஸில் பெரிய கிளார்க். எங்கள் கூட்டத்துக்கு மூத்தவர்.

மே மாதம் ஐயர் வந்தார். தாளைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "நான் இல்லாத கல்யாணத்துக்கு நான் எப்படிய்யா கையெழுத்துப் போடுறது? இது செல்லாது. ரெண்டு பாஸ்போர்ட்டையும், கஃபீல் சம்மதக் கடிதத்தையும் கொண்டு வாங்க, முறைப்படி நடத்தித் தர்றேன்" என்றார்.

கஃபீல் என்றால் விசா கொடுத்த முதலாளி. சிவமலரின் பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது. அண்ணாச்சி இருக்கிற நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். விஷயத்தைக் கேட்டதுமே, "மாஃபி, கலாஸ்", அதாவது கிடையாது, முடிந்தது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். காண்ட்ராக்ட் முடிய இன்னும் பத்து மாதம் இருந்தது.

ஆனால் அந்த இருவர் மனதில் அவர்கள் புருஷன் பெண்டாட்டி. சபைக்கு முன்னால் தாலி கட்டியவர்களை யார் பிரிப்பது? வெள்ளிக்கிழமை மதியம் என் அறைச் சாவியை நான்தான் செல்லத்துரையிடம் கொடுத்துவிட்டு வெளியே போவேன். அதில் எனக்கு உபகாரி என்ற நினைப்பு வேறு.

நவம்பரில் சிவமலருக்கு ஏழு மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. அதுவரை உடுப்பைத் தளர்த்தி மறைத்து வைத்திருந்தாள். வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆண் குழந்தை பிறந்தது. கல்யாணச் சீட்டு எங்கே என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். சீட்டு இல்லாமல் பிள்ளை பெறுவது அங்கே குற்றம். வார்டு வாசலில் போலீஸ் வந்து உட்கார்ந்துவிட்டது. செல்லத்துரை விஷயம் தெரிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடி, நான்தான் புருஷன் என்றான். சீட்டு கேட்டார்கள். இல்லை என்றதும் அவனையும் உள்ளே வைத்தார்கள்.

அன்று மதியமே என் அறையில் கூடினோம். அண்ணாச்சி அந்த வெள்ளைத் தாளைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "நான் போயி சொல்லிருதேன். நான்தான் கட்டி வச்சேன், இந்தா தாளுன்னு சொல்லுதேன்" என்று கிளம்பினார்.

மாஸ்டர் குறுக்கே வந்து நின்றார். "விசர்க்கதை கதையாதேயும். நீர் போனால் உம்மோடை நிக்காது. எங்கை கூடுறியள், ஆர் அனுமதி தந்தது எண்டு கேப்பினம். ஐயரின்ரை விசாவும் போம். பிறகு இந்தப் பதினொரு காம்ப்புக்கும் ஆர் வாறது?"

"அதுக்காவ ஒரு பிள்ள பெத்தவ செயிலுக்குப் போவட்டும்னு இருக்கச் சொல்லுதீயளா?" என்று அண்ணாச்சி கத்தினார். அவர் கத்தி அன்றுதான் கேட்டேன்.

நான் நினைத்தது ஊழியத்தைப் பற்றி அல்ல. யாருடைய அறையில் என்று போலீஸ் கேட்குமே, அதைப் பற்றித்தான் நினைத்தேன். "நாளைக்குக் காலையில வரை பொறுங்க அண்ணாச்சி. அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்" என்று சொல்லி அவரை உட்காரவைத்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் ஜலஜா என்று ஒரு மலையாள நர்ஸ் எனக்குப் பழக்கம். அவரை வாசலில் பார்த்துச் சொல்லியனுப்பினேன். சிவமலரிடம் நான் எதையும் கேட்கச் சொல்லவில்லை. "கல்யாணத்தை நடத்தினது யார், எங்கே இருந்தீர்கள் என்று மூச்சு விடக் கூடாது. உபதேசியார் அப்படித்தான் சொல்லச் சொன்னார். செல்லத்துரைக்கும் தகவல் போய்விடும்" என்று சொல்லச் சொன்னேன். ஸ்டேஷனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவன் மூலம் செல்லத்துரைக்கும் அதையே சொல்லியனுப்பினேன். பிறகு அண்ணாச்சியிடம் வந்தேன். "அவ உங்கள வர வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டாளாம் அண்ணாச்சி. உங்களால எழுவது பேருக்கு ஆறுதல், நீங்க மாட்டக் கூடாதுன்னு சொன்னாளாம்" என்றேன்.

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அப்பிடியா சொன்னா" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். ஆமாம் என்றேன்.

அவர் போகவில்லை. அவர்கள் இருவரும் வாய் திறக்கவில்லை. போயிருந்தால் அந்த வெள்ளைத் தாள் அவளைக் காப்பாற்றியிருக்குமா, எனக்குத் தெரியாது. ஒருவேளை அவரும் நானும் சேர்ந்தே உள்ளே போயிருப்போம். ஆனால் அவள் பக்கத்தில் நின்று ஆமாம், இவளுக்குக் கல்யாணம் ஆயிற்று என்று சொல்ல ஒரு ஆளாவது இருந்திருக்கும். ஐந்து மாதம் கைக்குழந்தையோடு உள்ளே இருந்தாள். செல்லத்துரையை முதலில் இந்தியாவுக்கு ஏற்றினார்கள். சிவமலரையும் பிள்ளையையும் ஏப்ரலில் கொழும்புக்கு ஏற்றினார்கள். இலங்கையில் சண்டை நடந்த காலம். இந்தியாவிலிருந்து அவன் அங்கே போகவும் வழியில்லை, அங்கிருந்து அவள் இந்தியாவுக்கு வரவும் வழியில்லை.

வெள்ளிக்கிழமைகள் தவறவில்லை. நான் டூட்டி ஷீட்டில் அவர் பெயரை எழுதினேன், அவர் டேங்கரை எடுத்துக்கொண்டு முறை வைத்துப் பதினோரு இடத்துக்கும் போனார். நாம் எடுத்த முடிவு சரிதான் என்று மாஸ்டர் ஒரு தடவை என்னிடம் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

எண்பத்தேழு ஜனவரியில் அண்ணாச்சி என் அறைக்கு வந்தார். கையில் இலங்கை முத்திரை போட்ட கடிதம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

சிவமலர் எழுதியிருந்தாள். பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு எடுக்கப் போனால் தகப்பன் பெயர் போடக் கல்யாணச் சீட்டுக் கேட்கிறார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள் பேசுகிற பேச்சு காதில் வாங்க முடியவில்லை. "நீங்கள் ஜலஜா அக்காவிடம் சொல்லி அனுப்பியபடியே நான் உங்கள் பெயரை எவரிடமும் சொல்லவில்லை ஐயா. அடித்துக் கேட்டபோதும் சொல்லவில்லை. இப்போது ஆபத்து ஒன்றும் இல்லையே. சபைக்கு முன்னால் கட்டி வைத்தேன் என்று ஒரு தாளில் எழுதி, பார்த்தவர்கள் கையெழுத்தும் வாங்கி அனுப்புங்கள். இங்கே கோயில் ஐயரிடம் காட்டுகிறேன்."

நான் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன், சத்தியமாக. அவர் திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் விரித்தார். கீழே அவர் பெயரை முழுதாக எழுதி, டேங்கர் டிரைவர், ராசல்கைமா என்று போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். சாட்சி என்ற இடம் காலியாக இருந்தது.

"மாஸ்டர் போட மாட்டேன்னுட்டாரு. நீ போடு தம்பி" என்றார்.

பேனா என் சட்டையிலேயே இருந்தது. அடுத்த மாதம் என் விசா புதுப்பிக்க வேண்டியிருந்தது. மனைவியை அழைத்து வரவும் எழுதிப் போட்டிருந்தேன். என் பெயரோடு ஒரு தாள் நாடு தாண்டிப் போய், யார் கையிலாவது கிடைத்தால்? "யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன்.

அவர் தாளை மடித்துக் கடிதத்தோடு வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒற்றைக் கையெழுத்தோடேயே அதைத் தபாலில் அனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அட்டனில் அதை யாராவது மதித்தார்களா, அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் எழுதினார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் குவாரி கேம்ப்புக்கு வந்தார். ஓஸைத் தொட்டியில் போட்டு மோட்டாரைத் தட்டிவிட்டு மெஸ்ஸுக்குள் வந்து எல்லோரையும் பார்த்தார். வேதபாடம் வாசிக்க என் பெயரைத்தான் வழக்கம்போலக் கூப்பிட்டார். நானும் எழுந்துபோய், புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி, ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தேன்.