மூன்றாவது பாக்கு

எங்கள் வாழையிலைக் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பூட்டு கிடையாது. அதன் பக்கத்தில் இருந்த தகர டப்பாவைத்தான் யாரும் தொடக்கூடாது. உள்ளே இருந்தது வெறும் கொட்டைப்பாக்கு. கல்யாண வீட்டுக்காரர் வந்து இன்ன தேதிக்கு இத்தனை இலை வேண்டும் என்பார். என் மாமனார் "வந்துரும்" என்று ஒரே ஒரு சொல் சொல்லி, ஒரு பாக்கை எடுத்து டப்பாவுக்குள் போடுவார். முன்பணம், துண்டுச்சீட்டு எதுவும் கிடையாது. தேதியும் எண்ணிக்கையும் அவர் தலைக்குள் இருக்கும். ஒருத்தருக்குச் சொல் கொடுத்திருக்கிறாய் என்று நினைவுபடுத்தப் பாக்கு. இலை மண்டபத்தில் இறங்கிய பிறகுதான் அந்தப் பாக்கை வெளியே எடுத்து, நறுக்கி, வெற்றிலையோடு மெல்லுவார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பந்தியில் மூன்றாவது தடவை பாயசம் வாங்கியவர்கள்கூட அப்படி இருக்க மாட்டார்கள்.

மூட்டுவலி வந்து அவர் வீட்டோடு உட்கார்ந்ததும் கடையும் அந்த டப்பா வழக்கமும் என் கைக்கு வந்தன. அதுவரை நான் பேட்டையில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். வயது நாற்பது. மாமனார் வழியாக வந்தவன் என்பதால் சந்தைக்கே நான் மாப்பிள்ளை. கீரை விற்கிற ஆச்சிகூட அப்படித்தான் கூப்பிடுவாள். அந்தப் பெயரில் மரியாதை பாதி, கேலி பாதி.

கேலிக்குக் காரணம் உண்டு. எனக்குப் பதற்றம் வந்தால் கை கால் நடுங்காது, வாய் நடுங்கும். எதையாவது மென்றே ஆக வேண்டும். பள்ளிக்கூடத்தில் பரீட்சை மணி அடிப்பதற்குள் பென்சிலில் பாதியைத் தின்றவன். கல்யாணத்தன்று மாலையிலிருந்த ரோஜா இதழ்களைத் தின்றதாக என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். நான் மறுத்துவருகிறேன். நாலு இதழ்தான்.

ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை. வீட்டிலிருந்து போன். மாமா கடையைப் பார்க்க ஆட்டோவில் கிளம்புகிறார் என்றாள் மனைவி. நான் கடையைக் கழுவினேன். கிழிந்த இலைகளை ஒளித்து வைத்தேன். தராசே இல்லாத கடையில் தராசைத் தேடினேன். இத்தனை செய்தும் மாமா வரவில்லை. வாசற்படி இறங்கும்போதே மூட்டு பிடித்துக்கொண்டதாம். நான் நிம்மதியாக உட்கார்ந்து வாயிலிருந்த சக்கையைத் துப்பினேன். வாய்க்குள் சக்கை எப்படி வந்தது என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு யோசிக்க வேண்டி வந்தது. பாளையங்கோட்டைக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் போன் செய்தார். மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம்.

"அண்ணாச்சி, எழுநூறு இலை காலைல ஆறு மணிக்கு மண்டபத்துக்கு வந்துரும்லா? வேற ஆளு தாரேன்னு வந்தாம். உங்க கடையில சொல்லியாச்சுன்னு அனுப்பிட்டேன்."

"அதெல்லாம் வந்துரும்" என்றேன். என் வாய் மெல்வதைப் போலவே பேசுவதும் என்னைக் கேட்டுச் செய்வதில்லை.

போனை வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தேன். இரண்டு பாக்கு. சுத்தமல்லியில் கல்யாணம் ஒன்று, டவுணில் சடங்கு வீடு ஒன்று. மூன்றாவது பாக்கு, குமாஸ்தாவுக்குச் சொல் கொடுத்தபோது நானே போட்டது, வியாழக்கிழமை என் வாய்க்குள் போயிருந்தது; அதோடு நினைப்பும் போய்விட்டது. குமாஸ்தாவின் மகள் கல்யாணத்தை நான் மென்று துப்பியிருந்தேன்.

தப்பிக்கும் வழிகளை வரிசையாக யோசித்தேன். போனைத் தாமிரபரணியில் போடலாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுக்கலாம். ஆனால் பொய் நெஞ்சுவலி டாக்டருக்குத் தெரிந்துவிடும், மாமனாருக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடும். இந்த யோசனை நடக்கும்போது என் கை டப்பாவுக்குள் போய் இரண்டாவது பாக்கைத் தொட்டுவிட்டது. கையில் நானே அடித்துக்கொண்டேன்.

கடையில் இலை இல்லாமல் இல்லை. சுவரோரம் ஈரச்சாக்கு போர்த்தி ஆயிரத்து இருநூறு இலை இருந்தது. எல்லாம் அந்த இரண்டு பாக்குக்கு உரியவை. மூன்று பேருக்கும் பங்கிட்டால் குமாஸ்தாவைச் சமாளித்துவிடலாம் என்று தோன்றியது. கடைசிப் பந்தியில் இலை பற்றாமல் போகும்போது நான் அங்கே இருக்கப்போவதில்லையே. ஒரு கட்டை அவிழ்க்கவும் செய்தேன். நுனி இலைகள், ஒரு கிழிசல் இல்லாமல், பச்சைப் பட்டு மாதிரி மடிந்து கிடந்தன. திரும்பக் கட்டி வைத்தேன். யோக்கியன் என்பதால் அல்ல. ஒருவரிடம் திட்டு வாங்குவதை மூன்று பேரிடம் வாங்குவானேன்.

தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். பெரிய முகூர்த்தம். வெட்டியதெல்லாம் காலையிலேயே போய்விட்டது. ஒருவர் காகித இலை வாங்கிப் போடச் சொன்னார். பெண் வீட்டுக்காரர், அதுவும் மாப்பிள்ளை வீட்டார் முன்னால், காகித இலை. நினைத்தபோதே எனக்குக் காது சூடேறியது.

மிச்சம் ஒரே ஆள். எதிர்ச்சாரியில் மொத்த இலை வியாபாரம் செய்த சாயபு. என் வயதுதான். ஒரு தோட்டத்துக் குத்தகை விஷயத்தில் என் மாமனாருக்கும் அவருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. மாமனாரின் கோபத்தைக் கடையோடு சேர்த்து நானும் நடத்திவந்தேன். அன்றைக்குச் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் அவர் கடைக்குள் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, பாக்கைத் தின்னுட்டீரா?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன். வியாழக்கிழமை நான் பாக்கை மென்றுகொண்டே கடை கழுவிய கூத்தைச் சந்தையே நின்று பார்த்ததாம்.

அவர் கடை வாசலில் இலைக்கட்டுகள் மலைபோலக் கிடந்தன. அதில் ஏழு கட்டு தந்தால் போதும், என்ன விலை என்றாலும் சரி என்றேன்.

"அது கொல்லத்துக்குச் சொன்ன சரக்கு வே. உம்ம வாக்கைக் காப்பாத்த எம் வாக்கைக் கேக்கீரா?"

சற்றுமுன் நானும் அதே காரியத்துக்காக ஒரு கட்டை அவிழ்த்தவன்தானே. திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். ஸ்ரீவைகுண்டத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு வாழைத்தோப்பு, பழத்துக்காக வைத்தது. குலை தள்ளி நிற்கிற மரம். அதில் இலை வெட்டினால் காய் பெருக்காது. யாரும் வெட்ட மாட்டார்கள்.

"மரத்துக்கு ஒரு இலை. ரெண்டாவது இலையில கத்தி வச்சீரு, உம்ம கைய வச்சுத்தான் பந்தி போடணும். நீரே போயி வெட்டும்."

விலை கேட்டேன். சந்தை விலைதான் என்றார். ஆனால் ஒரு வாக்கு வேண்டும் என்றார்.

"இதை உம்ம மாமனாருகிட்ட நீரே சொல்லணும். சந்தை சொல்லி அவரு கேக்கப்பிடாது."

எழுநூறு இலையைவிட அது பெரிய விலை. சரி என்றேன்.

லோடு ஆட்டோவில் ஸ்ரீவைகுண்டம் போய்ச் சேர ஐந்து மணி. அவருடைய ஆள்கள் இரண்டு பேரும் நானும் தோப்புக்குள் இறங்கினோம். அணைக்கட்டுப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. மரத்துக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வெட்டினேன். ஆள்கள் என்னைப் பேய் பிடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் எழுநூறும் கட்டாகிவிட்டன. வாழைக்கறை பட்டு என் வெள்ளைச் சட்டை சிறுத்தைத் தோலாகியிருந்தது. அந்தச் சட்டை இன்னும் இருக்கிறது. எந்தச் சோப்புக்கும் அது மசியவில்லை.

காலை ஆறுக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே மண்டபத்தில் இலையை இறக்கினேன். குமாஸ்தா ஒரு கட்டைத் தடவிப் பார்த்து, இதற்குத்தான் உங்கள் கடை என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். நான் வெட்டிய இலையில் நானே சாப்பிட்டேன். சாம்பார் ருசி தெரியவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்ற இரண்டு வீட்டுக்கும் இலை போய்ச் சேர்ந்ததைக் கேட்டுக்கொண்டு, கடைக்கு வந்து இரண்டு பாக்கையும் எடுத்து மென்றேன். பிறகு புதிதாக ஒன்றைப் போட்டேன். மாமனாரிடம் சொல்வதாகச் சாயபுக்குக் கொடுத்த வாக்கு. அது டப்பாவில் இருபது நாள் கிடந்தது. தினமும் திறப்பேன், பார்ப்பேன், மூடுவேன். எதிர்ச்சாரியிலிருந்து சாயபு தன் கன்னத்தைத் தட்டிக் காட்டுவார், மென்றாயிற்றா என்று. நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று.

இருபத்தோராம் நாள் முன்னறிவிப்பு இல்லாமல் மாமா வந்து இறங்கினார். நேராக டப்பாவைத் திறந்தார். மறுநாள் முகூர்த்தம் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. பஞ்சாங்கம் அவருக்கு மனப்பாடம்.

"இது யாருக்கு மாப்ளே?"

"உங்களுக்குத்தான் மாமா."

எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமை சக்கையிலிருந்து, அவிழ்த்துக் கட்டிய கட்டு வரைக்கும். முடிந்ததும் அவர் பாக்குவெட்டியை எடுத்து அந்தப் பாக்கை இரண்டாக நறுக்கினார். ஒரு பாதியை என் கையில் வைத்தார். மற்றதை எடுத்துக்கொண்டு, மூட்டைப் பிடித்தபடி, பைய நடந்து எதிர்ச்சாரிக்குப் போனார். ஆறு வருஷம் தாண்டாத பத்தடி.

அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. சாயபு முக்காலியை இழுத்துப் போட்டதும், இருவரும் என் பக்கம் திரும்பிச் சிரித்ததும் தெரிந்தது. என்னை வைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தும் எனக்குப் பதற்றமே வரவில்லை. கையிலிருந்த பாதிப் பாக்கை வெகுநேரம் வாயில் போடாமலே வைத்திருந்தேன்.