சித்திரைக்குச் சித்திரை நீளும் பூட்டு

என் தம்பி பகலவனுக்கு இரண்டு இடத்தில் ஓட்டு இருக்கிறது. ஒன்று எல்லாரையும் போல ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சாவடியில். இன்னொன்று அவனுடைய போனுக்குள். அந்த இரண்டாவது ஓட்டைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் தட்டில் சோறு ஆறிப்போகும். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். நாள் முழுக்க ஊர்க்கதை கேட்டுப் பழகினவள். எனக்கே காது வலிக்கும்.

டிப்ளமா முடித்துவிட்டு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தான். கூட இருந்தவர்கள் எல்லாரும் சம்பளத்தில் மனை வாங்கினார்கள், தங்கச்சிக்கு நகை வாங்கினார்கள். இவன் கிரிப்டோ காசு வாங்கினான். அப்பா வைரக்கண்ணு திடீரென்று இறந்ததும் திரும்பி வந்தான். திரும்பிப் போகவில்லை. அப்பா பார்த்துக்கொண்டிருந்த ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, அம்மாவோடு சேர்ந்து அவனே பார்க்க ஆரம்பித்தான். நிலம் எங்களுடையது அல்ல. ராமச்சந்திரன் வீட்டு நிலம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பேரன் ஹரிசங்கர் சென்னையில் இருக்கிறார். அறுவடைக்கு அறுவடை குத்தகையை அம்மா அனுப்பிவிடுவாள். எழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

வந்த வருடமே வாய்க்கால் கூட்டத்துக்குப் போனான். ஆற்றில் தண்ணீர் குறைச்சலாக வந்தது. முறை வைத்து விட வேண்டும், யாருக்கு முதலில் என்று கை தூக்கி முடிவு செய்கிறார்கள். எங்கள் ஆறு மாவோ வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. இவனும் கை தூக்கினான். தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் நிலம் உள்ள பஞ்சநதம்தான் கூட்டத்தை நடத்துகிறவர். அவர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாராம்.

"தம்பி, பட்டா இருக்கறவங்க மட்டும் கை தூக்கணும். நீங்க உக்காந்து கேளுங்க. டீ வருது, சாப்பிட்டுப் போங்க."

டீயைக் குடித்துவிட்டு வந்தான். அப்பா காலத்தில் எங்கள் தெரு ஆட்களை வாய்க்கால் வெட்டத்தான் கூப்பிடுவார்கள், கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். இப்போது நாற்காலியும் டீயும் கிடைக்கிறது, அதுவே பெரிய மாற்றம் என்று நான் சொன்னேன். அவன் என்னை முறைத்தான். தூக்கின கையை இறக்கினவனுக்குத்தானே அது தெரியும்.

அந்த வாரம்தான் காசையெல்லாம் பூட்டினான். பூட்டுவது என்றால் என்ன என்று அவன் எனக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். ஒரு திட்டம் இருக்கிறது. அதன் காசை விற்காமல், எடுக்காமல், அங்கேயே நான்கு வருடத்துக்குப் பூட்டி வைத்தால் வாராவாரம் ஏதோ கொஞ்சம் வருமானம் தருவார்கள். அதைவிட முக்கியம், ஓட்டு தருவார்கள். திட்டத்தில் சேருகிற பணத்தை எந்தப் பக்கம் திருப்பிவிடலாம் என்று பூட்டினவர்கள் எல்லாரும் சேர்ந்து தீர்மானிப்பார்கள்.

"இந்த வாரம் எந்த வாய்க்காலுக்குத் தண்ணின்னு முடிவு பண்ற மாதிரி, அக்கா. இங்க நான் உக்காந்து கேக்க வேணாம்."

நடுவில் தேவைப்பட்டால் எடுக்கலாமா என்று கேட்டேன். முடியாது என்றான். யாருக்காவது மாற்றிக் கொடுக்கலாமா என்றேன். அதற்கு அவன் ஒத்தியைச் சொன்னான். ஊரில் ஒருவர் பணம் கொடுத்து நிலத்தை ஒத்திக்குப் பிடித்தால், நடுவில் அவசரம் வந்தால் இன்னொருவருக்கு அந்த ஒத்தியை மாற்றிவிட்டுப் போட்டதை எடுத்துக்கொள்வார். "அது மாதிரி ஏதாச்சும் வழி இருக்கும், இல்லாம இருக்குமா?" என்றான். இருக்கிறதா என்று பார்க்கவில்லை. சிங்கப்பூர் பார்த்தவன், ஆங்கிலம் படிப்பவன், அதை மட்டும் படிக்கவில்லை.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. வாரத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போடுவான். வந்த வருமானத்தில் அம்மாவுக்கு நெல் காயவைக்கப் பெரிய தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தான். அம்மா அம்சம் தெருவெல்லாம் சொன்னாள், "எம்புள்ள வெளிநாட்டுக் கூட்டத்துல ஓட்டுப் போடறான், வூட்டுல உக்காந்தே." எனக்குச் சிரிப்பு வந்தது, பெருமையாகவும் இருந்தது.

அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. பூட்டு திறக்கிற நாள் நெருங்க நெருங்க ஓட்டின் எடை குறைந்துகொண்டே வரும். மறுபடி நான்கு வருடத்துக்கு நீட்டினால் பழைய எடை முழுசாகத் திரும்பிவிடும். பகலவனுக்கு அந்த எடை குறைவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

சித்திரை முதல் நாள் எங்கள் பக்கம் நல்லேர் பூட்டுவார்கள். மாடு இல்லாததால் டிராக்டர்தான். மஞ்சள், குங்குமம் வைத்து, வெல்லம் கலந்த காப்பரிசி படைத்து, வயலில் ஒரு சுற்று உழுதுவிட்டு வந்தால் அந்த வருடத்து வேலை நல்லபடி தொடங்கிவிட்டது என்று கணக்கு. பூட்டினதற்கு அடுத்த சித்திரையில் டிராக்டரில் இருந்து இறங்கியதும் பகலவன் வரப்பில் நின்று போனை எடுத்தான். "இதுவும் நம்ம ஏர்தானேம்மா" என்று விளையாட்டாகச் சொல்லிப் பூட்டை நீட்டினான். அம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கையில் ஒட்டியிருந்த குங்குமத்தை போனின் முதுகில் ஒரு பொட்டாக வைத்தாள். அதன் பிறகு ஒவ்வொரு சித்திரைக்கும் அது சடங்காகிவிட்டது. டிராக்டருக்கு ஒரு பொட்டு, போனுக்கு ஒரு பொட்டு, பூட்டு மறுபடி நான்கு வருடம்.

போன வருடமும் அப்படியே நீட்டினான். வைகாசியில் ஹரிசங்கரிடமிருந்து போன் வந்தது.

"பகலவன், நிலத்தை வித்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம். இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டது நீங்கதான், அதனால உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். ஆடி முடியறதுக்குள்ள உங்களால முடிஞ்சா வேற யாருக்கும் கிடையாது."

நல்ல மனிதர். இதைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் யார்மேலாவது கோபப்பட்டால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர்மேல் கோபப்பட வழியில்லை.

போனை வைத்துவிட்டு பகலவன் கணக்குப் பார்த்தான். பூட்டுக்குள் இருந்த காசின் அன்றைய விலை நிலத்துக்குச் சரியாக வந்தது. முதன்முதலில் பூட்டினபடியே விட்டிருந்தால் ஆடிக்கு முன்னாலேயே திறந்திருக்கும். இவன் சித்திரைக்குச் சித்திரை நீட்டி நீட்டி, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தான். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. அம்மா மட்டும் சந்தோஷமாக இருந்தாள். பட்டா எங்கள் பேரில் வரப்போகிறது, பிள்ளை வாய்க்கால் கூட்டத்தில் கை தூக்கப்போகிறான் என்று அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்.

"அம்மாகிட்ட சொல்லிடுடா" என்றேன்.

"இருக்கா. ஒத்தி மாதிரி மாத்திவுட முடியுதான்னு பாக்குறேன்."

முடியவில்லை. பூட்டின காசு பூட்டினவன் பெயரில்தான் கிடக்கும், யாருக்கும் மாற்ற முடியாது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்ததாம். கும்பகோணத்தில் இரண்டு வங்கிக்குப் போனான். இதை ஈடாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான். மேனேஜர் நல்லவிதமாக உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, நகை இருக்கிறதா என்றார். என் நகையையும் சேர்த்துப் பார்த்தோம். அது எந்த மூலைக்கு? அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

கடைசியாக அவனுக்கு இருந்த ஒரே வழி அந்த ஓட்டுதான். திட்டத்தில் இருப்பவர்கள் இணையத்தில் பேசிக்கொள்ளும் பொது இடத்தில் ஆங்கிலத்தில் எழுதினான். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பூட்டினவர்களில் அவசரம் உள்ளவர்கள் ஒரு பங்கை இழந்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று தீர்மானம். நிலம், குத்தகை, அம்மா எல்லாம் எழுதினான். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருந்து முகம் தெரியாதவர்கள் பாவம் என்று எழுதினார்கள். ஆதரவும் கொடுத்தார்கள். எண்ணிக்கையில் நாங்கள்தான் அதிகம். மூன்றாம் நாள் ஒரே ஒரு ஆள் வந்து வேண்டாம் என்று ஓட்டுப் போட்டான். காசு எவ்வளவோ ஓட்டின் எடையும் அவ்வளவு. அவன் பூட்டியிருந்தது எங்கள் எல்லாருடையதையும் சேர்த்தாலும் அதைவிட அதிகம். காரணம்கூட எழுதவில்லை. திரையில் ஓட்டுக் கணக்கைக் காட்டும் பட்டை அவன் பக்கமாகச் சாய்ந்தது.

"தலைமடைக்காரன் அங்கயும் இருக்கான் அக்கா" என்றான் பகலவன். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. எனக்கு அந்த போனைத் தூக்கி வாய்க்காலில் எறிய வேண்டும்போல் இருந்தது. எறிந்தால் மட்டும் என்ன, காசு வேறு எங்கோ அல்லவா கிடக்கிறது.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவள் திட்டவில்லை. "ஏன்டா, உன் காசுதானே, நீ கேட்டாக் குடுக்க மாட்டாங்களா?" என்று மட்டும் அவனைக் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆவணியில் நிலம் பஞ்சநதத்துக்குப் போனது. இனி அவரே பயிர் வைத்துக்கொள்வாராம். குத்தகைக்கு உரிமை கோரமாட்டேன் என்று அம்மாவிடம் எழுதி வாங்கினார்கள். பத்திர ஆபீஸ் வராந்தாவில் அம்மா தன் பெயரை நிதானமாக எழுதினாள். ஹரிசங்கர் அவள் கையில் ஒரு கவர் கொடுத்தார், கண் கலங்கினார். பகலவன் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். அவன் போன் ஒருமுறை சிணுங்கியது. அந்த வாரத்து ஓட்டுக்கு நேரமாகிவிட்டது என்று நினைவூட்டல். அவன் போட்டான். வேறு என்ன செய்வான்?

அதற்குப் பிறகு காசின் விலையும் பாதிக்கும் கீழே போனது. இப்போது ஒரத்தநாட்டில் ஒரு பட்டறையில் கேட் வெல்டிங் செய்கிறான். அம்மா பிறத்தியார் வயலுக்கு நடவுக்குப் போகிறாள். அவள் நட்ட வயல்களில் அந்த ஆறு மாவும் ஒன்று.

இந்தச் சித்திரை முதல் நாள் நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். உழ நிலம் இல்லை, டிராக்டரும் வரவில்லை. ஆனால் அம்மா விடியற்காலையில் எழுந்து குளித்து, காப்பரிசி நனைத்து, தட்டில் மஞ்சளும் குங்குமமும் எடுத்துவைத்திருந்தாள். பகலவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அம்மா அவன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"போனை எடுடா. நாளும் அதுவுமா வச்சுக்கிட்டு என்ன உக்காந்திருக்க? நீட்டலன்னா ஓட்டு குறைஞ்சிடும்னியே."

"அது எதுக்கும்மா இனிமே."

"நிலந்தான் போச்சு. அதையும் வுட்டுட்டா நம்மளுக்கு எங்கதான் ஓட்டு?"

நீட்டாதே, திறக்கிற நாள் வரட்டும், இருப்பதையாவது எடு என்று கத்துவதற்காகவே நான் அன்று போயிருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போனின் முதுகில் பொட்டு வைத்தாள். அவன் அழுத்தினான். நான்கு வருடம் என்று திரையில் வந்தது. அம்மா எங்கள் இருவர் கையிலும் காப்பரிசியை வைத்து, தின்னுங்க என்றாள். தின்றோம்.