என் தட்டில் ரெண்டு கத்திரிக்காய்

கத்திரிக்காயைப் பத்தி டைரி எழுதறவ இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்னு என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். புது வருஷத்துக்குக் கம்பெனியில கொடுக்கிற டைரியில வேற என்னத்தை எழுதறது, என் சொத்துக் கணக்கையா?

மண்ணூர்பேட்டையில மொட்டை மாடியோட சேர்ந்த வாடகை வீடு எங்களுது. பழைய பெயிண்ட் வாளியில மண்ணைக் கொட்டி கத்திரி, வெண்டை, கொத்தவரை, புடலைன்னு வச்சிருக்கேன். பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனியில எனக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. பார்த்ததை அப்பப்பவே எழுதி வைக்கிற புத்தி அங்கிருந்து வந்தது. டைரியில ஒவ்வொரு பக்கத்தையும் மூணாப் பிரிச்சுக் கோடு போட்டேன்: விளைஞ்சது, சமைச்சது, நான் சாப்பிட்டது.

மாமியாருக்கு இது ஆகவே ஆகாது. "பிஞ்சை எண்ணாதடி, எண்ணுனா நிக்காது. நீ எழுதி வேற வெச்சுக்கினு கீற"ன்னு திட்டுவாங்க. எண்ணினேன், எழுதினேன். வெயில்ல கொஞ்சம் உதிர்ந்தது, மிச்சம் காய்ச்சது. எழுதாத வருஷமும் அப்படித்தான் உதிர்ந்தது, அப்போ யார் கண்ணு பட்டுச்சாம்?

ஒரு நாள் மழை பிடிச்சுக்கிச்சு, மாடிக்குப் போக முடியலை. சும்மா உட்கார்ந்து பழைய பக்கங்களைப் புரட்டினேன். விளைஞ்சது, வெண்டைக்காய். சமைச்சது, பொரியல். சாப்பிட்டது, மோர் சாதம், ஊறுகாய். இன்னொரு பக்கம் புடலங்காய்க் கூட்டு. சாப்பிட்டது, ரசமும் அப்பளமும். இந்த வருஷம் முதல் தடவை பறிச்ச கத்திரிக்காயில எண்ணெய்க் கத்திரிக்காய் பண்ணின அன்னிக்கு, வாணலியில ஒட்டின மசாலாவுல சோத்தைப் போட்டுப் பிசைஞ்சேன்னு என் கையெழுத்துலயே இருக்கு. எழுதும்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. இப்போ படிக்கப் படிக்க வயிறு எரிஞ்சது. வேலைக்கும் போயிட்டு, விடியக்காலையில வாளி வாளியாத் தண்ணி தூக்கினவளுக்கு வழிச்ச வாணலியா?

யாரும் பிடுங்கித் தின்னலை, அதையும் சொல்லணும். எங்க வீட்டுல வீட்டுக்காரரும் ரெண்டு பசங்களும் முதல்ல, மாமியாரும் நானும் கடைசியில. மிஞ்சினா காய், மிஞ்சலைன்னா மோர். வழக்கம்னு ஒரு பேரு வச்சுட்டா போதும், யாரும் யாரையும் கேட்க வேண்டாம்.

அடுத்த தடவை கத்திரி பறிச்சது ஒரு ஞாயித்துக்கிழமை. பூந்தமல்லியில இருக்கிற நாத்தனார் புருஷன், அதாவது வீட்டு மாப்பிள்ளை, சாப்பிட வந்திருந்தார். ஆம்பளைங்க எல்லாருக்கும் இலை போட்டுப் பரிமாறினேன். பக்கத்துலயே எனக்கும் ஒரு தட்டு வச்சு உட்கார்ந்து, ரெண்டு கத்திரிக்காயை எடுத்துப் போட்டுக்கிட்டேன்.

மாமியார் சமையல்கட்டு வாசல்ல நின்னு பார்த்தாங்க. "இன்னாடி இது? மாப்ள இன்னும் கை நனைக்கல, நீ குந்திக்கினு துன்ற?"

"செடி நான் வச்சது அத்தை. நீங்களும் வந்து உட்காருங்க"ன்னேன்.

"எனக்கு ஒண்ணும் வாணாம்"னு முறுக்கிக்கிட்டு உள்ளே போய்ப் படுத்துட்டாங்க. மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சுக்கிட்டார். என் வீட்டுக்காரர் முகம் கறுத்துப் போச்சு. "போய் அம்மாவைச் சமாதானப்படுத்திக் கூட்டிட்டு வா"ன்னார்.

கால் தானா எழுந்திரிக்கப் பார்த்தது, பொய் சொல்ல மாட்டேன். பழகின கால். அதை அழுத்தி மடிச்சு வச்சுக்கிட்டேன்.

"நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். உங்க அம்மாதானே, நீங்க போட்டு எடுத்துட்டுப் போங்க."

கொஞ்ச நேரம் என்னை முறைச்சார். நான் சோத்தைப் பிசைஞ்சேன். அப்புறம் எழுந்து கையைக் கழுவிட்டு, தட்டு எங்கே இருக்குன்னு தேடித் தேடி எடுத்து, சோறு போட்டு, கத்திரிக்காய் வச்சு உள்ளே கொண்டுபோனார்.

அப்புறம் மாமியார் அழறது கேட்டது. "எனக்காடா? நீயாடா போட்டுக்கினு வந்த?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. பிறந்ததுலருந்து அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டவங்க. அவர் கையால ஒரு தட்டு வாங்கினது அன்னிக்குத்தான்.

எனக்கும் கண்ணு கலங்கிச்சு. ஆனா எழுந்து போகலை. என் தட்டுல இன்னொரு கத்திரிக்காய் இருந்தது.