திறக்க முடியாத காது மெஷின்

அப்பாவின் காது மெஷினில் இரண்டே வருஷத்தில் சார்ஜ் நிற்கவில்லை. இன்று தில்லை நகரில் வாங்கிய கடைக்கே அவரை அழைத்துப் போனேன்.

கடைக்காரர் பார்த்துவிட்டு, "பேட்டரி போயிடுச்சுங்க. உள்ள வச்சு ஒட்டிட்டாங்க, திறக்க முடியாது. புதுசுதான் வாங்கணும்" என்றார்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் அப்பா.

கடை முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொன்னேன். கத்தியது அப்பாவுக்காக மட்டும் இல்லை.

அப்பா திருவெறும்பூர் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். அவரும் கத்தினார்: "மெஷினுக்கு டிராயிங் போடுறப்பவே, கழட்டுறதுக்கு ஸ்பேனர் எந்தப் பக்கமா நுழையும்னு எங்களக் கூப்பிட்டுக் கேப்பாங்க தம்பி. இதுக்கு ஒருத்தருமா கேக்கல?"

கடைக்காரர் புதுப் பெட்டியைத் திருப்பி, அதில் அச்சடித்திருந்த பச்சை இலையைக் காட்டினார். "எக்கோ ஃப்ரெண்ட்லி சார். அட்டையெல்லாம் ரீசைக்கிள் பண்ணது."

குப்பையில் போடும் அட்டைக்கு அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். பேட்டரி என்றால் ஒருநாள் தீரும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. நன்றாக இருக்கிற மைக்கும் ஸ்பீக்கரும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போகின்றன.

அப்பாவுக்குக் காது கேட்க வேண்டுமே, புதியதை வாங்கிவிட்டோம். அதிலும் கழற்றித் திறக்க ஒரு திருகாணி கூட இல்லை.

உங்கள் வீட்டில் திருகாணி வைத்த பொருள் ஏதாவது மிச்சமிருந்தால் படம் போடுங்கள். அப்பாவுக்குக் காட்ட வேண்டும்.