நீல விளிம்புத் தட்டும் நான் மறுத்த பரிசோதனையும்

எங்கள் வீட்டில் என் மனைவிக்கென்று தனித் தட்டு ஒன்று இருந்தது. எனாமல் பூசிய வெள்ளை மங்குத் தட்டு. விளிம்பில் நீலக் கோடு. நாள்பட்ட கல்லீரல் தொற்றான ஹெப்படைட்டிஸ் சி தனக்கு இருப்பது தெரிந்த வாரத்தில், பத்து பாகாட் கடைத்தெருவில் அவளே வாங்கிவந்தது. அதன்பின் வேறு தட்டில் அவள் உண்ணவில்லை. உறவினர் வீடுகளுக்கும் அதைத் துணியில் சுற்றி எடுத்துச்சென்றாள். கேட்டவர்களிடம் நேர்த்திக்கடன் என்றாள். உண்மையை யாரிடமும் சொல்லக்கூடாதென்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள்.

அக்கிருமி இரத்தத்தின் வழியாகப் பரவுவது. சோற்றின் வழியாக அன்று. கல்லூரியில் அறிவியல் கற்பித்தவன் நான். பலமுறை விளக்கினேன்.

"நீங்க புஸ்தகத்துல உள்ளத சொல்றீங்க. எனக்குப் புஸ்தகம் வேணாம். ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. உங்களுக்கு இல்லன்னு வந்தா, இந்தத் தட்டுல பூனைக்குச் சோறு வைக்கிறேன்" என்பாள்.

நான் போகவில்லை. இருக்கிறது என்று முடிவு வந்தால், அதைத் தந்தவள் தான்தான் என்று அவள் தீர்மானித்துவிடுவாள். அந்த எண்ணத்தோடு அவளை வாழவிட எனக்கு மனமில்லை. வேலை இருக்கிறது என்றேன். ஓய்வு பெற்றபின் அந்தக் காரணமும் போயிற்று, அப்போதும் போகவில்லை. அதை அன்பு என்றே கருதியிருந்தேன்.

முதலில் ஊசிகள் போட்டார்கள். அவை அவளை வாட்டின, கிருமியை வாட்டவில்லை. பிறகு புதிய மாத்திரைகள் வந்தன. தனியார் மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் காட்டிய விலைக்கு நாங்கள் வீட்டை விற்க வேண்டும். விற்போம் என்றேன்.

"வித்துட்டு? மருந்த முழுங்கிட்டு ரெண்டு பேரும் பஸ் ஸ்டேசன்ல குடித்தனம் பண்றதா?" என்று சிரித்தாள்.

வீட்டை விற்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். மறுமுறை கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

விலை இறங்கும் என்றார்கள்; காத்திருந்தோம். அவளுடைய கல்லீரல் காத்திருக்கவில்லை. அவள் இறந்த பிறகு, அதே வகை மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் கிடைக்கத் தொடங்கின. பதிவுக் கட்டணம் சில வெள்ளி, வேறு செலவில்லை. செய்தித்தாளில் படித்தேன். மடித்து வைத்தேன்.

நான் பரிசோதனைக்குப் போக மேலும் சில ஆண்டுகள் ஆயின. மறைப்பதற்கு இனி வீட்டில் ஆளில்லை என்பதால் போனேன். எனக்கும் இருந்தது.

மலாய் மருத்துவர், வயதில் இளையவர், பொறுமையாக விசாரித்தார். அறுவை சிகிச்சை உண்டா? இரத்தம் ஏற்றியதுண்டா? சிறுவயது எங்கே கழிந்தது? யோங் பெங் அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என்றேன். அங்கே ஊசி போடுவார்களா என்றார். போடுவார்கள். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெசர் ஒரே ஊசியை வெந்நீரில் முக்கி முக்கி வரிசையாகப் போடுவார். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அப்படியும் வந்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

என் மனைவியும் அதே தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி வாசலில் ஊசிக்கு எங்களுக்கு ஒரே வரிசை. அவள் எனக்கு முன்னால் நின்றாளா, பின்னால் நின்றாளா என்பது நினைவில் இல்லை. பரிசோதனைக்கு நான் முன்பே போயிருந்தால், இந்தக் கேள்வியை எங்கள் இருவரிடமும் யாராவது கேட்டிருப்பார்கள்.

பன்னிரண்டு வாரச் சிகிச்சை. மருந்து வாங்கப் போன முதல் நாளில் மருத்துவமனையின் தமிழ்த் தாதி, "சார், கூட யாரு வந்திருக்கா?" என்றார்.

"யாரும் இல்லை."

"அப்ப பைய பக்கத்து நாற்காலியில வைங்க. இன்னிக்கி அதான் உங்க ஆளு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கூடப் பொறந்தவங்க இருந்தா வரச் சொல்லுங்க லா. லேட் பண்ணாதீங்க."

எனக்கு ஒரே தங்கை. கோத்தா திங்கியில் இருக்கிறாள். அவளும் அதே வரிசையில் நின்றவள். சொல்வதென்றால், மனைவிக்குக் கொடுத்த வாக்கை மீற வேண்டும். எட்டு வாரம் சொல்லாமல் இருந்தேன். ஒன்பதாவது வாரம், பழைய தவற்றையே மீண்டும் செய்துகொண்டிருக்கிறேன் என்பது விளங்கிற்று. தொலைபேசியை எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அலமாக்! எனக்கு என்னாண்ணே வரப்போவுது? கல்லு மாதிரி இருக்கேன். அரிசி மூட்டைய நாந்தான் தூக்குறேன்."

"அண்ணியும் அப்படித்தான் இருந்தா."

அந்தப் பக்கம் தொலைக்காட்சி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அதையும் அணைத்தாள்.

"அப்ப அந்தத் தட்டு?"

"அதுக்குத்தான்."

"நான் அவங்கள திமிரு புடிச்சவங்கன்னு நெனச்சேண்ணே. நம்ம வீட்டுத் தட்டுல சாப்டா கொறஞ்சா போயிருவாங்கன்னு பின்னாடி பேசியிருக்கேன்."

பிறகு அவளே கேட்டாள்.

"பேரனுக்கு என் தட்டுலதான் ஊட்டுறேன். இனிமே கூடாதா?"

"தட்டுல ஒட்டாது. நல்லா ஊட்டு. ஆனா டெஸ்டுக்குப் போ."

"நீங்க வந்தாத்தான் போவேன். ஊசின்னா எனக்குப் பயம். அப்பவே நீங்கதான கையப் புடிச்சிக்கிட்டு நின்னீங்க?"

பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அழுதபடி ரப்பர் மரங்களுக்குள் ஓடியவளைத் துரத்திப் பிடித்து, மறுபடி ஓடாதபடி.

திங்கட்கிழமை முதல் பேருந்தில் வருவதாகச் சொன்னேன்.